அலிகாந்தேக்கு மூன்று நாள்

பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் ஒரு நோர்வேக் கிழவர் இருந்தார். மாரிகாலத்தில் திடீரென்று சில நாள் காணாமல் போவார். திரும்பி வரும்போது அவித்த இறாலின் நிறத்தில் வருவார். எங்கே போனீர்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜியத்தில் கேட்டால் "அலிகாந்தே" என்பார். அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஸ்பெயினில் மத்தியதரைக் கடலோரம் இருக்கிற பட்டினம் அது. வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வந்துவிடலாமாம். அவர் கண்ணை மூடுகிற விதத்தைப் பார்த்துத்தான் எனக்கும் அந்த ஆசை வந்தது.

நான் நோர்வேக்கு வந்த புதிதில் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தவன். வடக்கே, மீன் தொழிற்சாலையில் வேலை. நின்ற நிலையில் மீன் வெட்டுவோம். நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே கடல் தெரியும். கறுப்பாக இருக்கும், தார் ஊற்றிய மாதிரி. எங்களோடு வேலை செய்த ஒரு பெடியன் இறங்குதுறையில் வழுக்கி விழுந்துவிட்டான். தூக்கி எடுத்துக் கம்பளியால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அன்று பின்னேரம் வரை அவன் வாயில் ஒரு சொல் வரவில்லை, பல்லுத்தான் கதைத்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரும் அந்தக் கடல் பக்கம் போகவில்லை. அத்தனை வருஷம் கடலோரத்தில் இருந்தும் ஒரு கால் நனைக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு இளஞ்சூடான கடல் ஒன்று விமானத்தில் ஏறினால் நாலு மணித்தியாலத்தில் வரும் என்று கேட்டால் ஆசை வராதா?

மகன் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சாப்பிடுவோம். அப்படி ஒரு ஞாயிறு சோற்றைக் குழைத்துக்கொண்டே இந்த அலிகாந்தேக் கதையைச் சொன்னேன்.

"அதுக்கென்ன அப்பா, போவம்" என்றான் மகன். "பிள்ளைக்கு இலையுதிர்கால லீவு வருது. வெள்ளி போய்த் திங்கள் வந்திடலாம்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் உடனே இன்னொரு நினைவும் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் அண்ணர் சுகமில்லாமல் இருந்தார். சலரோகம், சீனி வருத்தம் முற்றி ஒரு கால் எடுத்தாயிற்று. எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு அவர்தான். அம்மா செத்தபோது நான் மீன் தொழிற்சாலையில் நின்றேன். முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்த பிறகுதான் செய்தி வந்தது. அம்மா செத்த அந்த மாதத்தில் நான் ஒரு கலியாண வீட்டில் ஆட்டிறைச்சி தின்று பாட்டும் பாடியிருக்கிறேன். அது என் உடம்பில் முள்ளுத் தைத்து உள்ளே முறிந்த மாதிரி இன்னும் கிடக்கிறது. அதனால் மகனைப் பார்த்துச் சொன்னேன்.

"இஞ்சை பார். பெரியப்பாவுக்கு ஒண்டு எண்டால் அந்த நிமிசமே எனக்குச் சொல்லவேணும். பயணம் பாக்கப்பிடாது, ஒண்டும் பாக்கப்பிடாது."

"ஓம் அப்பா."

"சத்தியமாய்?"

"ஓம் எண்டுறன். சாப்பிடுங்கோ."

"நல்ல காரியம் கதைக்கேக்கை உதை ஏன் இப்ப எடுக்கிறியள்?" என்று மனைவி என் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் மீன் குழம்பை விட்டாள்.

சண்டையில் ஏ-நைன் பாதை பூட்டிய வருஷம் அது. யாழ்ப்பாணத்துக்கு ஆள் போக வழியில்லை. ரெலிபோன் லைனும் ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. கிடைத்த ஒரு நாள் அண்ணரிடம் பயணத்தைச் சொன்னேன். அவர் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். ரெலிபோனிலும் எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கத்துகிற மாதிரித்தான் கதைப்பார்.

"எங்கையடா?"

"ஸ்பெயின்."

"அங்கை என்ன கிடக்கு?"

"வெயில். கடல்."

"வெயிலுக்குக் காசு குடுத்துப் போறியோ? இஞ்சை வா, முற்றத்திலை சும்மா கிடக்கு, அள்ளிக்கொண்டு போ."

"பாதை பூட்டிக் கிடக்கு அண்ணை, எப்பிடி வாறது?"

"அப்ப ஸ்பெயினுக்கே போ. கடல்லை இறங்கினால் காதுக்குப் பஞ்சு வை, உனக்குச் சின்னனிலேயே காது சரியில்லை. போட்டு வந்து ரெலிபோன் எடு. ஊரெல்லாம் சொல்லிப்போட்டன், தம்பி ஸ்பெயினுக்குப் போறான் எண்டு."

சிரித்தார், இருமினார், லைன் அறுந்தது. அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கு ஞாயிறு திட்டம்தான். மூன்று நாள் பயணத்துக்கு எங்கள் சனம் போடுகிற திட்டத்தைப் பார்த்தால் ஒரு ஊரே இடம்பெயருகிறது என்று நினைப்பீர்கள். பேத்தி கொம்பியூட்டரில் அந்தப் பட்டினத்தைக் காட்டினாள். கடலோரம் நீளத்துக்குப் பேரீச்சை மரம். பின்னால் ஒரு மொட்டை மலை, அதன் உச்சியில் கோட்டை. மீன் சந்தை கூட இருக்கிறதாம். ஹோட்டலில் கடல் பார்த்த அறையா, தெருப் பார்த்த அறையா என்று இரண்டு கிழமை விவாதம் நடந்தது. நான் கடல் பக்கம்தான் வேண்டும் என்று குழந்தை மாதிரி நின்றேன். மனைவிக்கு அறையைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு றைஸ் குக்கர் வைக்க இடம் வேண்டும்.

"மாமி, மூண்டு நாளைக்கு ஆரும் றைஸ் குக்கர் கொண்டு போவினமோ?" என்றாள் மருமகள்.

"மூண்டு நாளைக்கு ஆரும் சோறில்லாமல் இருப்பினமோ?"

"அங்கை சோறு இருக்கு. நண்டு, இறால் எல்லாம் போட்டு மஞ்சளாய்ச் சமைப்பினம்."

"அதுக்கு மிளகாய்த்தூள் போடுவினமோ?"

"இல்லை."

"அப்ப அது சோறில்லை" என்று மனைவி முடித்துவிட்டாள். றைஸ் குக்கர் சூட்கேசுக்குள் போனது, மகன் எடுத்து வெளியே வைத்தான், அடுத்த ஞாயிறு திரும்பவும் உள்ளே இருந்தது.

பேத்திக்கு என் உடுப்பில்தான் கவலை. "அப்பப்பா, நீங்கள் வேட்டியோடை கடலுக்கை இறங்கினால் பொலிஸ் வரும்" என்றாள். கட்டைக் காற்சட்டை போட வேண்டுமாம். சின்ன வயதுக்குப் பிறகு என் முழங்காலை வெளியாருக்கு நான் காட்டியதில்லை. "பொலிஸ் என்ரை காலைப் பாத்தால்தான் பிடிப்பான்" என்றேன். அவள் நிலத்தில் விழுந்து சிரித்தாள்.

பயணம் போகிற கிழமை வந்தது. ஞாயிறு அண்ணருக்கு எடுக்கப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை கடைக்குப் போய்த் திரும்பினால் வீட்டு நிலம் முழுக்க ஈரம். மனைவி திரைச்சீலை எல்லாம் கழற்றித் தோய்க்கப் போட்டிருந்தாள். தலைமயிரை விரித்தபடி நின்றாள்.

"திங்கட்கிழமையிலை ஏன் முழுகினீர்?"

"பயணம் போகமுதல் வீடு வாசல் துப்புரவாய் இருக்க வேண்டாமே?"

"கண் ஏன் சிவந்திருக்கு?"

"ஷாம்பு பட்டிட்டுது."

அன்று பின்னேரம் மகன் வேலையால் நேரே வந்தான். ரெலிபோனில் இரைச்சல் கேட்கிறது, திருத்தக் கொடுக்க வேண்டும் என்று கழற்றிக்கொண்டு அறைக்குள் போனான். எனக்கு இரைச்சல் கேட்டதில்லை. என் காது சரியில்லைதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கிழமை மீன் இல்லை, இறைச்சி இல்லை. பயணத்தில் வயிறு கெடக்கூடாதாம்.

அன்று பொழுதுபட்டதும் மனைவி வலக் கை விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து, "விரலைச் சுட்டுப்போட்டன். இண்டைக்கு விளக்கை நீங்கள் கொளுத்துங்கோ" என்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து சாமி விளக்கை அவள் என்னைத் தொட விட்டதில்லை. எண்ணெயைச் சிந்துவேன் என்று பேச்சு விழும். அன்று அவளாகவே நெருப்புப்பெட்டியைத் தந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் சாமியறை என்பது சின்ன அறை ஒன்றில் அலுமாரியை மறித்து வைத்த பிள்ளையார் படமும் முருகன் படமும்தான். நான் கொளுத்தினேன். அவள் கொறிடோரில் நின்று பார்த்தாள். செவ்வாயும் புதனும் நான்தான் கொளுத்தினேன்.

செவ்வாய் மகன் கட்டைக் காற்சட்டை ஒன்றும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வந்தான். இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன். கண்ணாடிக்கு முன் நின்று கீழ்வீட்டுக் கிழவர் மாதிரிக் கண்ணை மூடி "அலிகாந்தே" என்று சொல்லிக் காட்டினேன். மகன் விழுந்து விழுந்து சிரித்துப் படம் எடுத்தான். மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். சிரிப்பை அடக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

வியாழன் பின்னேரம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்களை ஏற்றிப்போய் இரவு லோறென்ஸ்கூக்கில் படுத்து, விடிய விமான நிலையம் போவது என்று திட்டம். வெளிக்கிடுமுன் சாமிக்குக் கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் திருநீறு பூசிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். நான் தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டு, "எல்லாரும் வாங்கோ" என்று கூப்பிட்டேன்.

ஒருவரும் வரவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. திரும்பவும் கூப்பிட்டேன். பேத்தி ஓடி வந்தாள். வாசற்படியில் கால் வைக்கிறாள், மருமகள் பின்னால் பாய்ந்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ உள்ளுக்குப் போகப்பிடாது!"

"ஏனம்மா?"

"சொன்னால் கேள்."

நான் தட்டோடு திரும்பிப் பார்த்தேன். கொறிடோரில் மகன், மருமகள், என் மனைவி மூவரும் வரிசையாக நிற்கிறார்கள். படிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் சாமியோடு நான் ஒருவன். மனைவியின் கையைப் பார்த்தேன். திங்கட்கிழமை வலக் கை விரலில் இருந்த துணி இப்போது இடக் கை விரலில் இருந்தது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் துடக்கு எது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. தகப்பன் வழியில் ஒரு சாவு நடந்தால் முப்பத்தொரு நாள் அந்த வீட்டுச் சனம் சாமிக்குக் கிட்டப் போகக்கூடாது, விளக்குத் தொடக்கூடாது. சாவைக் கேட்ட நேரத்திலிருந்துதான் துடக்கு. கேள்விப்படாதவனுக்கு இல்லை. என்னிடம் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையாரிடம் அப்படிச் செய்ய அவர்களுக்குப் பயம்.

"அண்ணரோ?" என்று கேட்டேன்.

மனைவி அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டாள். அது போதும்.

"எப்ப?"

"ஞாயிறு இரவு" என்றான் மகன். "நித்திரையிலைதான் அப்பா. கஷ்டப்படேல்லை."

"எடுத்தாச்சோ?"

"செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமை. நான் கட்டைக் காற்சட்டை போட்டுக் கண்ணை மூடிக் காட்டிய நாள்.

"என்னட்டைச் சத்தியம் பண்ணினனீ எல்லே?"

"அப்பா, பாதை பூட்டிக் கிடக்கு. போகவும் ஏலாது, வரவும் ஏலாது. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

"அழுதிருப்பன்."

"அதைத் திங்கட்கிழமை வந்து அழுதிருக்கலாம்தானே" என்று சொல்லிவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டான்.

நான் மனைவியைப் பார்த்தேன். மகனை விட்டுவிடலாம், அவன் அண்ணரோடு வளர்ந்தவன் இல்லை. இவளுக்கு எல்லாம் தெரியும். அம்மாவின் செய்தி வந்தபோது நான் எப்படித் துடித்தேன் என்று தெரிந்த ஒரே ஆள் இவள்தான்.

"உமக்குத் துடக்கு. எனக்கு இல்லையோ?"

"தெரியாதவைக்கு இல்லைத்தானே" என்றாள், நிலத்தைப் பார்த்தபடி. "நீங்கள் அந்தக் கடலுக்கு எவ்வளவு ஆசைப்பட்டனீங்கள். போட்டு வரட்டும், வந்தாப்போலை சொல்லுவம் எண்டுதான்..."

"தெரியாதவைக்கு இல்லை எண்டு ஆர் சொன்னது?"

"கோயில் ஐயரிட்டை ரெலிபோனிலை கேட்டனாங்கள் மாமா" என்றாள் மருமகள். நல்லதைச் செய்த மாதிரித்தான் சொன்னாள். "பிழையில்லை எண்டு சொன்னவர்."

"அப்ப ஐயருக்கும் தெரியும்."

மருமகள் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"ஊர்ச்சனத்துக்குத் தெரியும் அப்பா. திராமனிலை இருக்கிறவை கேள்விப்பட்டு எடுத்தவை. உங்களோடை கதைச்சுப்போடுவினம் எண்டுதான் ரெலிபோனை..."

புதன்கிழமை பஸ் தரிப்பில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டிருந்தேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு வேறு பஸ்ஸில் ஏறினார். குளிருக்குத்தான் தலையைக் குனிகிறார் என்று எண்ணியிருந்தேன். பியோர்ண்டாலில் இருந்து அடுத்த பட்டினம் திராமன் வரைக்கும் என் அண்ணர் செத்தது எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு மட்டும் தெரியாது. தம்பி கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பேத்தி சூட்கேசின் மேல் இருந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கும் சொல்லவில்லை; தெரியாதவளுக்குத் துடக்கில்லை என்பதைப் பதற்றத்தில் மறந்துதான் தாய் இழுத்திருக்கிறாள். சொன்னால் என்னிடம் வந்து சொல்லிவிடுவாள் என்று தெரியும். அந்த வீட்டில் என்னோடு உண்மையாகச் சிரித்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

"நீங்கள் போங்கோ" என்றேன்.

எங்கள் சனத்தில் மூத்தவர் ஒருவர் கோபத்தில் போங்கோ என்றால் ஒருவரும் போகமாட்டார்கள். அது போகச் சொல்வது இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகன் என்னைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். "அப்ப... பிள்ளைக்காக..." என்றான். சூட்கேசைத் தூக்கினான். போய்விட்டார்கள். மகனும் துடக்குக்காரன்தான். கடலுக்குத் துடக்கில்லை என்று நினைத்தானோ என்னவோ.

மனைவி போகவில்லை. நான் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு வந்து இருந்தேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழுகை வரவில்லை. அண்ணரை நினைக்கப் போனால் நடுவில் இவர்கள் வந்து நின்றார்கள். அவர் முகத்தைக்கூட எனக்கு முழுதாக வர விடவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

விடிந்தது. அவர்கள் விமானத்தில் ஏறியிருப்பார்கள். "ரெலிபோன் எங்கை?" என்று கேட்டேன். மனைவி சேலை அலுமாரியைத் திறந்து, அடித்தட்டில் ஒரு பழைய சேலையில் சுற்றிக் கிடந்ததை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். திருத்தவும் கொடுக்கவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை. அத்தனை நாளும் என் கட்டிலுக்கு எதிரே இருந்திருக்கிறது.

பலமுறை அடித்த பிறகு லைன் கிடைத்தது. அண்ணிதான் எடுத்தார்.

"ஆர்?"

"நான்தான் அண்ணி."

பின்னால் ஆட்கள் கதைப்பது கேட்டது, சாமான் சட்டி உரசுவது கேட்டது. எட்டுச் செலவுக்கு, எட்டாம் நாள் படையலுக்கு, ஆயத்தம் நடக்கிறது போல.

"ஸ்பெயினிலை இருந்தோ கதைக்கிறியள் தம்பி?"

"இல்லை அண்ணி. நோர்வேயிலைதான்."

"வெள்ளிக்கிழமை பயணம் எண்டு அவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவர். அதுதான் கேட்டனான்." குரல் தண்ணீர் வற்றிய மாதிரி இருந்தது. "உங்கடை மகன் திங்கட்கிழமையே ரெலிபோன் எடுத்தவர். அப்பாவுக்குச் சொல்லியாச்சு, அவர் கதைக்கிற நிலையிலை இல்லை எண்டு சொன்னவர். நாங்கள் பெட்டி மூடுமட்டும் பாத்தனாங்கள் தம்பி, ஒருக்கால் எடுப்பியள் எண்டு. ரெலிபோனைப் பெட்டிக்குப் பக்கத்திலை கொண்டுவந்து வைச்சனாங்கள்."

மகன் அங்கேயும் கதைத்து முடித்துவிட்டிருந்தான். எனக்குத் தெரியாது என்று இங்கே ஏற்பாடு. எனக்குத் தெரியும் என்று அங்கே ஏற்பாடு.

நேற்றுத்தான் அறிந்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணி என்னோடு சேர்ந்து அழுதிருப்பார். ஆனால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவும், தகப்பனுக்குச் சாவை ஒளித்துவிட்டுக் கடல் குளிக்கப் போனவன் என்று. செத்த வீட்டுக்கு வந்த சனம் என் மகனைத்தான் மென்று தின்னும். மனைவி குசினி வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதைக்கிற நிலையிலை இருக்கேல்லை அண்ணி" என்றேன்.

"இத்தினை நாளுமோ?"

"ஓம்."

"சரி தம்பி. ஆக்கள் வந்து நிக்கினம்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை நான் எடுத்தபோதெல்லாம் கதைத்தார். சுகம் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார். அண்ணரைப் பற்றி மட்டும் என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் மகன் தனியே வந்தான். மூக்கு நுனி வெயிலில் கன்றியிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"பெரியம்மாவோடை கதைச்சனீங்களோ அப்பா?"

"ஓம்."

"என்ன சொன்னவா?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அவன் மூச்சை இறக்கி விட்டான். முகம் தெளிந்துவிட்டது. "நான் நினைச்சனான்" என்றான். "அவை விளங்கிக்கொள்ளுவினம்."